கழுகுக் கூட்டைப் பார்த்தா லொகேஷன் ஷேர் பண்ணாதீங்க! - பொருநைக் கரையில் இருந்து ஒரு வேண்டுகோள்

பொங்கல் லீவு. நண்பர்களோட பாபநாசம் போறீங்க. அகஸ்தியர் அருவியில் ஆசை தீரக் குளிச்சாச்சு, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் காலி. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, கூட்டத்தில் ஒருத்தன் கத்துறான்: ``ஏல, அங்க பாரு... எம்மாம் பெரிய கூடு!"

நிமிர்ந்து பார்த்தால், உயரமான மரத்தின் கவட்டையில் சுள்ளிகளை அடுக்கி ஒரு பெரிய கூடு. அதில் ஒரு கழுகு உட்கார்ந்திருக்கு. அடுத்த நிமிஷமே எல்லார் கையிலும் போன். ஜூம் போதவில்லை என்று ரெண்டு பேர் பாறை மேல ஏறுறாங்க. பறக்குற மாதிரி ஒரு ஷாட் வேணும்னு ஒருத்தர் கை தட்டுறார். கழுகு எழுந்து பறக்குது. சூப்பர் ரீல்ஸ்! ராத்திரிக்குள் ஆயிரம் லைக். கமென்ட்டில் ``லொகேஷன் ப்ளீஸ் ப்ரோ". நீங்களும் நல்ல மனசோடு மேப் பின்னைப் போட்டுவிடுறீங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் இருபது பேர். அதற்கடுத்த வாரம் ஒருத்தர் ட்ரோனோடு வருகிறார். மாசம் முடியும்போது கூடு காலியாகக் கிடக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், கழுகுக் கூடுகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இப்படி ஒரு வரிசையில்தான். இதில் யாருமே கெட்டவர் இல்லை. யாரும் கல் எறியவில்லை, கண்ணி வைக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தோம், அவ்வளவுதான். அந்த `அவ்வளவுதான்' ஒரு கழுகுக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு பார்ப்போமா?

முதல்ல, எது கழுகு?

நம்ம ஊரில் வானத்தில் வட்டம் போடுற எல்லாத்தையும் பருந்து, கழுகுன்னு ரெண்டே பேரில் முடிச்சுடுவோம். திருநெல்வேலி டவுன் மேல அடிக்கடி பார்க்கிறது கரும்பருந்து. வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமா, பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது செம்பருந்து என்ற கருடன். செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுக்குப் பழைய தமிழ்ப் பேர் பாறு. அது தனி வகை.

நாம் பேசப்போற அசல் கழுகுகள் அதிகமாக இருப்பது மேற்கே, தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைக் காடுகளில். முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. 1988-ல் ரெண்டையும் சேர்த்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். பேர் புலிக்கு. ஆனால் அதே காடு கழுகுகளுக்கும் கோட்டை.

அங்கே கருங்கழுகு இருக்கு. மர உச்சிகளை உரசுற மாதிரி மெதுவாப் பறந்து, மற்ற பறவைகளின் கூடுகளைத் தேடும். முட்டையும் குஞ்சும் அதற்கு முக்கியமான உணவு. சில நேரம் கூட்டையே காலில் அள்ளிக்கொண்டு போய்விடும். பாம்புக் கழுகு இருக்கு. விசில் அடிக்கிற மாதிரி அது கூப்பிடுவதை, காட்டுப் பாதையில் நீங்களே கேட்டிருக்கலாம். தலையில் குடுமி வைத்த கொண்டைக் கழுகுகளும் உண்டு. அவற்றில் ஒரு வகை, தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

சமவெளியில் தனித்தனியாக நிற்கும் பாறைக் குன்றுகளுக்கு ராசாளிக் கழுகு. பறவை நூல்களில் இதற்கு `பொனெல்லி ஈகிள்' என்று பேர். செங்குத்துப் பாறையின் விளிம்பில் கூடு கட்டும். அதே கூட்டை வருஷா வருஷம் செப்பனிட்டு, மேல மேல சுள்ளி அடுக்கிக்கொண்டே போகும். நம்ம தாத்தா காலத்து வீட்டுக்கு ஓடு மாத்துற மாதிரி.

ஒரு வருஷம், ஒரு ஜோடி, ஒரு முட்டை

கோழி மாதிரி நினைச்சுடாதீங்க. பாம்புக் கழுகும் கொண்டைக் கழுகும் பெரும்பாலும் ஒரு சீசனில் ஒரே ஒரு முட்டைதான் இடும். ராசாளிக்கு வழக்கமாக ரெண்டு. அடைகாக்க ஏறக்குறைய 40 நாள். பொரிந்த குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு மாசம். பறந்த பிறகும் வேட்டை பழகுகிற வரைக்கும் அப்பா அம்மாதான் ஊட்டணும். அந்தக் குஞ்சு வளர்ந்து, தானே ஜோடி சேர்ந்து கூடு கட்டுவதற்குச் சில வருஷம் ஆகிவிடும்.

கணக்கு புரியுதா? ஒரு சிட்டுக்குருவிக் கூடு கலைஞ்சா, அதே சீசனில் இன்னொரு முறை முயற்சி செய்யும். கழுகுக்கு அந்த ஒரு முட்டை போனால் அநேகமாக அந்த வருஷமே போச்சு. தொடர்ந்து நாலஞ்சு வருஷம் இப்படியே போனால், அந்த மலையில் கிழட்டுக் கழுகுகள் மட்டும்தான் மிஞ்சும். வானத்தில் பார்க்கிற நமக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. `கழுகுதான் பறக்குதே' என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம பக்கத்தில் கழுகுகள் கூடு கட்டும் காலம் பெரும்பாலும் டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை. மழை ஓய்ந்து, அருவியில் அளவாத் தண்ணி விழுந்து, வெயில் இதமா இருக்கும் மாசங்கள். அரையாண்டு லீவு, பொங்கல் லீவு, சபரிமலை சீசன் எல்லாம் அதில்தான் வருது. நாம் மலைக்குக் கிளம்புற நேரமும் அவை அடைகாக்கிற நேரமும் ஒண்ணு!

கிட்டப் போனா என்னதான் ஆகும்?

தாய்ப் பறவை கூட்டை விட்டு எழும்புது என்றால் அது உங்களுக்கு போஸ் கொடுக்கவில்லை. பயந்து ஓடுகிறது. அது திரும்பி வரும் வரைக்கும் முட்டைக்கு நிழல் கிடையாது. நம்ம ஊர் வெயிலில் பாறை எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்குத் தெரியும். அரைமணி நேரம் போதும், முட்டைக்குள் இருக்கிற கருவுக்கு ஆபத்து. பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்கும் அதே கதிதான்.

அடுத்தது காக்கா. மனுஷங்க நிற்கிற இடத்தைக் காக்கா கவனிச்சுக்கிட்டே இருக்கும். அம்மா இல்லாத கூடு அதற்கு விருந்து.

மூணாவது, இறக்கை முழுசா முளைக்காத குஞ்சு. ஆள் நெருங்கினால் அது மிரண்டு, பறக்கத் தெரியாமலேயே கூட்டை விட்டுக் குதிச்சுடும். பாறை விளிம்பில் இருந்து குதித்தால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

நாலாவது, படத்துக்கு மறைக்குது என்று ஒரு கிளையை ஒடிப்பது. அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை. அதுதான் மற்ற வேட்டைப் பறவைகளின் கண்ணில் இருந்து அதை மறைத்த திரை.

இதெல்லாம் தாண்டியும் குஞ்சு பிழைச்சிடலாம். ஆனாலும் அடுத்த வருஷம் அந்த ஜோடி அந்த இடத்துக்கே வராமல் போகலாம். வேறு பாறை, வேறு மரம் தேடணும். அப்படி நல்ல இடம் எத்தனை மிச்சம் இருக்கு?

பறவைக்காகப் பட்டாசை விட்ட ஊர்

`எல்லாத்தையும் வனத்துறை பார்த்துக்கும், நாம என்ன செய்ய?' என்று தோணுதா? நெல்லைக்காரர்கள் அப்படிக் கேட்கவே கூடாது. ஏனென்றால் இந்த விஷயத்தில் நாட்டுக்கே பாடம் எடுத்த ஊர்கள் நம்ம பக்கத்தில்தான் இருக்கு.

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம். குளத்து மரங்களில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் நாரைகள் கூடு கட்டும். எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும். ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் மழையும் விளைச்சலும் நல்லா இருக்கும் என்பது அங்கே நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம் என்பது அனுபவம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். ஊர் இப்படிக் காத்த பிறகுதான் 1994-ல் அது சரணாலயம் ஆனது. இப்போது ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்.

அம்பாசமுத்திரம் தாண்டி திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனாநதியும் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அந்த மரங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னு ஊர் மக்களே விரும்பினார்கள். 2005-ல் அந்த இடம் பாதுகாப்பு ரிசர்வாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 2.84 ஹெக்டேர், அதாவது சுமார் ஏழு ஏக்கர்தான். ஆனால் இந்தியாவில் அந்த வகையில் அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுதான்!

இங்கே ஒரு வித்தியாசத்தையும் கவனிக்கணும். கூந்தன்குளத்து நாரைக்கு மனுஷ நடமாட்டம் பழகிப்போச்சு. கூட்டமாகக் கூடு கட்டுவதால் தைரியமும் அதிகம். கழுகு அப்படி இல்லை. தனி ஜோடி, தனி மலை. நாரைக்கு நாம் சத்தத்தைக் குறைத்தால் போதும். கழுகுக்கு நாம் அந்தப் பக்கமே போகாமல் இருக்கணும்.

பாறையே போயிட்டா?

சரி, யாரும் கிட்டப் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கூடு கட்டுற பாறையையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டால்? கல்குவாரி லாரிகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புதுக் கேள்வி இல்லை. இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெரிய பதிலைப் பார்க்க, மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் போகணும்.

அரிட்டாபட்டி. ஏழு சிறு குன்றுகள், சுனைகள், குளங்கள், சமணர் படுக்கை, குடைவரைக் கோயில் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் ஊர். சுமார் 250 பறவை வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அதில் மூணு பேர் ரொம்ப முக்கியம்: ராசாளிக் கழுகு, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு. கிரானைட் குவாரிக்கு எதிராக ஊர் மக்கள் பல வருஷம் நின்றதால்தான் அந்தக் குன்றுகள் இன்றைக்கும் குன்றுகளாக நிற்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.21 ஹெக்டேரை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

கதை அங்கே முடியவில்லை. 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான ஏல முடிவு வெளியானது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மக்கள் கழுகுக்காக மட்டும் போராடவில்லை. தண்ணி, விவசாயம், கோயில், வீடு எல்லாத்துக்காகவும்தான். ஆனால், ஒரு குன்று நின்றால் சுனையும் நிக்கும், குளமும் நிறையும், ராசாளியும் கூடு கட்டும். எல்லாம் ஒரே பாறையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. உங்க ஊர்க் குன்றையும் அடுத்த முறை இந்தக் கண்ணோடு பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் `வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கு. சுடுவதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை இல்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும்கூட வேட்டைதான். துப்பாக்கி தேவையில்லை, செல்ஃபி ஸ்டிக் போதும்! சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால், தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தனிக் குற்றம்.

எவ்வளவு தூரத்தில் நின்னா போதும்?

இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கு. 1963-ல் அலாஸ்கா நீங்கலாக அங்கே கணக்கில் இருந்த வெண்தலைக் கழுகு ஜோடிகள் வெறும் 417. டி.டி.டி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துபோனது. 1972-ல் டி.டி.டி-க்குத் தடை. கூடவே கூடுகளைச் சுற்றி மனுஷ நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு. 2021-ல் வெளியான கணக்கின்படி, இப்போது 71,000 ஜோடிகளுக்கும் மேல்!

அந்த நாட்டு வனவிலங்குத் துறையின் வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: கூடு கட்டும் காலத்தில், நடந்து போகிறவர்கள் கூட்டில் இருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி நிற்கணும். கூட்டில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற கட்டுமான வேலை என்றால் 200 மீட்டர். ஹெலிகாப்டர், விமானம் என்றால் 300 மீட்டர். வெடி வைப்பதாக இருந்தால் 800 மீட்டர்.

நம்ம கழுகுகள் வேறு வகை. கூச்சம் கூடுதலாகவும் இருக்கலாம். அதனால் மீட்டர் கணக்கைவிட பறவையைக் கவனிப்பதுதான் நல்லது. அது உங்களையே உற்றுப் பார்க்குதா? கூட்டில் எழுந்து நிக்குதா, இல்லை உடம்பை ஒடுக்கிப் பதுங்குதா? திரும்பத் திரும்பக் கத்துதா? உங்க தலைக்கு மேல வட்டம் போடுதா? அப்படியென்றால் நீங்க ஏற்கெனவே ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க. சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பிடுங்க.

உங்க போனில் இருந்தே தொடங்கலாம்

* கூட்டின் இடத்தை எங்கேயும் போடாதீங்க. `பாபநாசம் பக்கத்துல' என்று எழுதுவதுகூட வேண்டாம். மாவட்டப் பேரோடு நிறுத்திக்கோங்க.

* கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேகை ஆஃப் பண்ணிடுங்க. படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் அதோடு சேர்ந்தே போகும்.

* பறவைக் குரலை ஸ்பீக்கரில் போட்டு வரவழைக்காதீங்க. எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டு வெளியே வரும்.

* கூட்டுப் பக்கம் ட்ரோன் வேண்டவே வேண்டாம். கழுகுக்கு அது தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு பறவை. மோதினால் இறக்கை போயிடும்.

* கூட்டுப் படங்களுக்கு லைக் போடும் முன் ஒரு நொடி யோசிங்க. இந்தியாவில் பல காட்டுயிர் புகைப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. பறவைப் பட்டியல் போடும் `ஈபேர்ட்' ஆப்பிலும், ஆபத்தில் உள்ள சில வகைகளின் இடத்தை மறைத்துவைக்கிறார்கள்.

* குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலும் சோறும் ஊட்டாதீங்க. நாய், பூனை அண்டாமல் தள்ளி நின்று பார்த்துக்கோங்க. பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்க. கூடு இருக்கிற மரத்தை வெட்ட வந்தாலும், பாறையில் வெடிக்குத் துளை போட்டாலும் அதே அலுவலகம்தான்.

அப்போ பொங்கலுக்கு என்ன பண்ண?

பறவை பார்க்கவே வேணாம்னு சொல்லவில்லை. கூட்டைத் தேடாமல் பறவையைப் பாருங்க என்றுதான் சொல்கிறோம். வருஷா வருஷம் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் `பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. 2015-ல் தொடங்கியது. பதினைந்து நிமிஷம் நம்ம மொட்டைமாடியில் நின்று, பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டு ஈபேர்ட்டில் ஏற்றினால் போதும். இன்னும் ஆர்வம் இருந்தால், மணிமுத்தாறில் மையம் வைத்திருக்கும் `ஏட்ரீ' என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு 2011-ல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு இருக்கு. தன்னார்வலர்களோடு குளம் குளமாகப் போகலாம். காலை வெயிலில் குளத்துக்கு மேல ஒரு கழுகு வட்டம் போட்டு இறங்குவதைப் பார்க்கிற சந்தோஷம், கூட்டின் அடியில் நின்று எடுக்கிற ரீல்ஸில் நிச்சயம் கிடைக்காது.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில், அருகன்குளத்தில் தாமிரபரணிக் கரையில் ஜடாயு தீர்த்தம் என்று ஒரு படித்துறை இருக்கு. சீதையைக் காக்கப் போராடி உயிர்விட்ட கழுகரசன் ஜடாயுவுக்கு, ராமர் தர்ப்பணம் கொடுத்த இடம் என்று அங்கே சொல்வார்கள். அப்பாவுக்குச் செய்யும் சடங்கை ஒரு கழுகுக்குச் செய்த கதையை, இத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வருகிற ஆற்றங்கரை இது.

இந்தப் பொங்கலுக்கு அந்த ஆற்றின் மேற்கே, எங்கேயோ ஒரு மரத்தில், ஒரு கழுகு ஒற்றை முட்டையை அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீங்க அதைப் பார்க்க நேர்ந்தால், நின்ற இடத்தில் இருந்தே ஒரு தடவை பாருங்க. பிறகு போனைப் பையில் போட்டுட்டு, கூட வந்தவங்களையும் கூட்டிக்கிட்டு மெதுவா இறங்கிடுங்க. `லொகேஷன் ப்ளீஸ்' என்று யாராவது கேட்டால், இந்தக் கட்டுரையின் லிங்க்கை அனுப்புங்க.